பெட்டிக்குள் மெரின்

எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் கொல்லப் பார்த்தாள். ‘கொல்ல’ என்ற சொல் சரிதானா என்று நிறைய யோசித்தேன். ‘மிரட்ட’ என்று போட்டுப் பார்த்தேன், ‘பாடம் புகட்ட’ என்று போட்டுப் பார்த்தேன், ‘குளிரவைக்க’ என்றுகூட எழுதி அடித்தேன். எதுவும் பொருந்தவில்லை.

நாங்கள் செய்வது சாவு வேலை. லூர்து அண்ட் சன்ஸ், இறுதிச் சேவை, கோரிமேடு. முதலாளி லூர்துபிரகாஷுக்கு மகன்களே கிடையாது. இரண்டு பெண்கள், இருவரும் பாரிசில். பெண்கள் பெயரில் சவப்பெட்டி விற்காது என்று இல்லாத மகன்களை போர்டில் ஏற்றிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற பஸ்கள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கடை. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வருகிறவர்கள் நோயாளியைக் கைத்தாங்கலாக இறக்கியதும் முதலில் கண்ணில் படுவது எங்கள் போர்டுதான். உடனே நோயாளியின் முகத்தை வேறு பக்கம் திருப்புவார்கள். அதற்குள் நோயாளி படித்து முடித்திருப்பார்.

நான் மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். அதை நம்பித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சாவுச் செய்தி எழுதுவதும், அடக்கத்தை போனில் நேரலையாகக் காட்டுவதும் என் வேலை. பிரெஞ்சில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ‘ஆழ்ந்த இரங்கல்’ ஒன்றுதான். நல்லவேளையாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

கடையை உண்மையில் நடத்தியது மெரினும் நூரீனும்.

மெரினுக்கு சர்ச், பூ, பேண்டு, சாவு வீட்டில் பேசி ஆர்டர் பிடிப்பது. கறுப்பு மட்டும்தான் உடுத்துவாள். கறுப்பு சேலை, மெல்லிய வெள்ளிக் கரை, ஹீல்ஸ், வாசலில் நுழையும் முன்பே நுழைந்துவிடும் சென்ட். சாவு வீட்டுக்கு இப்படியா வருவது என்று கண்டிக்க வந்த ஒரு பாதிரியார் அந்த சென்ட்டின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

நூரீனுக்குக் காகித வேலை. இறப்புச் சான்றிதழ், தூதரகம், சென்னை விமான நிலையத்தில் இறங்குகிற பெட்டி, அதைக் கொண்டுவருகிற வண்டி. வெள்ளையும் சாம்பலும்தான் உடுத்துவாள். தலைத்துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. தூதரக வரிசையில் நிற்கிறவர்கள் அவளை அதிகாரி என்று நினைத்து விலகி வழிவிடுவார்கள். அவளும் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.

முதலாளியை எல்லோரும் லூர்து மிசே என்போம், பிரெஞ்சு ‘ஐயா’ எங்கள் ஊர் வாயில் அப்படித்தான் ஆகும். இந்த வருஷம் அவர் மகள் வீட்டோடு இருந்துவிடுவது என்று பாரிஸ் போய்விட்டார். கடையை இருவரில் ஒருத்தியிடம் ஒப்படைப்பேன், யார் என்று பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அன்று முதல் எங்கள் கடைக்குள் இருந்ததைவிட எதிரே ஆஸ்பத்திரியில் உயிருக்கு அதிகப் பாதுகாப்பு இருந்தது.

மெரினிடம் ஒரு பழக்கம் உண்டு. நூரீன் மதியச் சாப்பாட்டில் எதையாவது யோசித்துச் சொன்னால், சாயங்காலத்துக்குள் அது மெரினின் யோசனையாக மிசேயின் போனுக்குப் போய்விடும்.

‘பாரிஸ் நேரம்’ அப்படிப் போனதுதான். இங்கே காலையில் அடக்கம் என்றால் அங்கே விடிந்திருக்காது, அழவேண்டிய மகன் தூங்கிக்கொண்டிருப்பான். பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால் மகன் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, தெம்பாக அழலாம். நூரீன் இதை சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் நடுவில் சொன்னாள். மறுநாள் மிசே, “பிராவோ மெரின்!” என்று செய்தி அனுப்பினார்.

அடுத்தது நகைப் பூட்டு. பிரேதத்தை வைக்கும் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை எவரும் தூக்கலாம். ஒரு சாவு வீட்டில் மருமகள்கள் மூவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டு எழுந்தபோது மாமியாரின் ஒரு காதில் கம்மல் இல்லை. அப்புறம் நடந்த சண்டையில் அடக்கமே நின்றுபோனது. மூடிக்கு ஒரு பூட்டு வைக்கலாம் என்று நூரீன்தான் யோசித்தாள். சேதராப்பட்டில் ஒரு பட்டறைக்கு அவளே அலைந்து, அளவு கொடுத்து, செய்து வாங்கி வந்தாள். அவள் பையை இறக்கி வைப்பதற்குள் மெரின் பூட்டைப் படம் எடுத்துவிட்டாள். “மிசே, என் சின்ன ஐடியா,” என்று கீழே ஒரு வரி. மறுபடியும் பிராவோ.

“அக்கா, நீங்களே மிசேகிட்ட சொல்லிடுங்களேன்,” என்றேன் நூரீனிடம்.

“என்னான்னு சொல்றது? டீச்சர், அவ என் பென்சில எடுத்துக்கினான்னா?”

கோபமே இல்லை. பூட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தத் துடைப்பு பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு நிறைய விஷயங்கள் பிடிப்பதில்லை, பாதி தப்பாகவே இருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

பூட்டு வைத்த புதுப் பெட்டியைக் கடை வாசலில் பந்தல் போட்டு எல்லோருக்கும் காட்டுவது என்று முடிவானது. மிசே பாரிசிலிருந்து போனில் பார்ப்பார். அதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது நூரீன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“காலிப் பெட்டிய காட்டினா எவன் பாப்பான்? நானே உள்ள படுத்துக் காட்டலாம்னு இருக்கேன். மூடி, பூட்டி, அஞ்சு நிமிஷம். ஊரே பேசும்.”

மெரின் அப்பளத்தை மென்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் மிசேயின் செய்தி வந்தது. மெரின் பெட்டிக்குள் படுக்க முன்வந்திருக்கிறாள், இந்தத் துணிச்சல் யாருக்கு வரும், பிராவோ. நூரீன் அதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். படித்துவிட்டு, “சரி, அவளே படுக்கட்டும்,” என்றாள். பெருந்தன்மை என்று நினைத்தேன். அதைப் பெருந்தன்மை என்றே எழுதியும் வைத்தேன்.

பெட்டியைக் காட்டும் நாளில் மெரின் புதுக் கறுப்புப் பட்டில் வந்தாள். கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சிவப்பு, விரல்களில் அதே சிவப்பு. பெட்டிக்குள் படுத்துக் கைகளை மார்பில் கோத்துக்கொண்டாள். எங்கள் வாடிக்கையாளர் யாரும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. பிளக் போடக் கூடாது, பூட்டுகிற மாதிரி காட்டினால் போதும் என்று பேச்சு. நான் போனை ஸ்டாண்டில் மாட்டி மிசேயை அழைத்தேன். திரையில் கம்பளிக் குல்லாவோடு தெரிந்தார். பெட்டியில் பொருத்திய ஸ்பீக்கரில் மாதா பாட்டு ஓடியது.

நூரீன் மூடியை இறக்கினாள். சாவியைத் திருப்பினாள். குனிந்து பிளக்கைச் செருகினாள். பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டி டீக்கடைக்குப் போனாள்.

இவ்வளவையும் நான் பார்த்தேன். பார்த்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

“மிசே,” என்றேன், “பூட்டிட்டாங்க.”

“பூட்டட்டும்மா, அதுக்குத்தானே பூட்டு! கேமராவ கொஞ்சம் எடது பக்கம் தள்ளு.”

தள்ளினேன். கண்ணாடியில் பனி படியத் தொடங்கியிருந்தது. உள்ளிருந்து டொக் டொக் என்று கேட்டது. மாதா பாட்டுக்குத் தாளம் போடுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். மூடியை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நல்ல பூட்டு. பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கும் என்று எங்கள் கடையில் யாரும் கணக்குப் போட்டதில்லை. இதுவரை உள்ளே இருந்தவர்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீக்கடைக்கு ஓடினேன்.

நூரீன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, சாவி.”

“என்னா சாவி?”

“பூட்டினு வந்துட்டீங்க. பிளக்கும் போட்டுட்டீங்க. நான் பாத்தேன்.”

“பாத்தியா? நல்லா பாத்தியா?”

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக் கூடாது. வீட்டைப் பூட்டினாயா என்று கேட்டாலே பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான்.

“பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்.”

“அப்ப நெனைச்சுக்கினே டீ குடி. ஆறிடும்.”

“அவங்க செத்துடுவாங்கக்கா!”

“செத்தா என்னாடி? புதுசா பெட்டி தேடணுமா? பந்தல் இருக்கு, பாட்டு ஓடுது, பிரான்ஸுக்கு லைவ் போவுது. இவ்ளோ தயாரா நம்ம கடையில எந்தச் சாவும் நடந்ததில்ல.”

அவள் பையை எட்டிப் பிடித்தேன். அவள் விடவில்லை. நாங்கள் பையை இழுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பந்தலின் முன்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

முன்னாள் கவுன்சிலர் கன்னியப்பன். உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊரில் ‘முன்னாள்’ என்பதும் ஒரு நிரந்தரப் பதவிதான். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும் என்று எந்தச் சாவையும் விடமாட்டார். கார் டிக்கியில் எப்போதும் ரோஜா மாலை இருக்கும். கூடவே படம் எடுக்க ஓர் ஆள்.

“யாருடா?” என்றார் இறங்கிக்கொண்டே. இந்தப் பேச்சையெல்லாம் நான் பிறகு வீடியோவில்தான் கேட்டேன்.

“தெரில தலைவரே. நல்ல கூட்டம்.”

“அப்ப நமக்கு வேண்டியவங்கதான்.”

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். சாவு வீட்டில் யாரும் பிரேதத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் கவனித்தது இது. மாலை போடுவார்கள், கும்பிடுவார்கள், ஒரு சுற்று வருவார்கள். கண் முழுக்க யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்பதில்தான் இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் நாலைந்து பேர் ஏற்கெனவே மெரினைச் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு அம்மா கண்ணையும் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். பெட்டிக்குள்ளிருந்து வரும் சத்தத்துக்குக் காரணம் பெட்டி என்றுதான் மனிதர்கள் நினைப்பார்கள்.

கன்னியப்பன் மாலையை வைத்தார். கும்பிட்டார். படம் எடுக்கும் ஆள், “தலைவரே, மொகம் தெரில. பனி மூடிக்கினு கீது,” என்றான். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். பனி உள்பக்கம் இருந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்தார்.

அப்போது உள்ளிருந்து ஒரு கை, சிவப்பு நகங்களோடு, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தது.

கன்னியப்பன் நின்றபடியே பின்னால் சாய்ந்தார். படம் எடுக்கும் ஆள் கேமராவைக் காப்பாற்றினான், தலைவரைக் காப்பாற்றவில்லை. பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேர் முழங்காலிட்டார்கள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கட்டோடு ஓடினார், அதையும் பார்த்தேன்.

நூரீன் பையை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்தாள். இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து சாலையைத் தாண்டினாள். பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள்.

மெரின் எழுந்து உட்கார்ந்தாள். கண் மை கன்னம்வரை இறங்கியிருந்தது, உதட்டுச் சிவப்புக்குக் கீழே உதடு நீலமாக இருந்தது. நூரீனின் கழுத்தைப் பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முதலில் நூரீனைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டாண்டில் இருந்த போனைப் பார்த்தாள். மிசே இன்னும் திரையில்தான் இருந்தார். பல் கிட்டித்து நடுங்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“லூர்து... அண்ட் சன்ஸ். உள்ள போன நகை... எங்கயும் போவாது.”

கன்னியப்பனை எதிரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். படம் சரியாக விழவில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ரெயூனியன் தீவிலிருந்துகூட ஒருவர் பெட்டியைப் பற்றி விசாரித்தார். மறுநாள் மதியம் மிசே எங்கள் மூவரையும் அழைத்தார். அலுவலக மேசையில் போனை நிறுத்திவைத்தோம். மெரின் கறுப்புச் சால்வை போர்த்தியிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவாள், நூரீனை போலீஸ் கூட்டிப்போகும், கடை மெரினுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

“மெரின்! நெஜமாவே பூட்டினு கெடந்தியாமே! இது யாருக்குத் தோணும்?” என்றார் மிசே.

“என் சின்ன ஐடியா மிசே,” என்றாள் மெரின். “பூட்டச் சொன்னது நான்தான். பிளக்கு போடச் சொன்னதும் நான்தான். நெஜமா இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க. நூரீன் பாவம், பயந்துட்டா. நான்தான் தைரியம் சொல்லிப் பூட்ட வெச்சேன்.”

தன்னைக் கொல்லப் பார்த்ததையும் தன் யோசனையாக எடுத்துக்கொண்டுவிட்டாள்! நூரீன் வாயைத் திறந்து மறுத்தால் ஜெயில். மறுக்காவிட்டால் கடை மெரினுடையது. பேசாமல் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. புத்தியுள்ள எவளும் அதைத்தான் செய்வாள்.

நூரீன் எழுந்து நின்றாள்.

“பொய் மிசே. அவ ஒண்ணும் சொல்லல. அவள கொல்றதுக்குத்தான் பூட்டுனேன். அது முழுக்க என் ஐடியா.”

மிசேயின் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவரேதான் உறைந்திருந்தார்.

“பாருங்க மிசே,” என்றாள் மெரின், “இதையும் தன்னுதுங்கிறா. ஒருத்திக்கு இவ்ளோ ஆச ஆவாது.”

“உன்ன கொல்லப் பாத்தேன்டி!”

“இல்ல. பாக்கல.”

“பாத்தேன்!”

“எங்க பாத்த? நல்லாத்தான இருக்கேன்? உன்னால ஒரு கொலைகூட ஒழுங்கா யோசிக்க முடியாது நூரீன். உனக்கு எல்லாத்துக்கும் நான் வேணும்.”

“நீ பெட்டிக்குள்ள வந்து படுத்ததே நான் வெச்ச பொறியில! மதியம் சாப்பாட்டுல போட்டேன். சாயங்காலம் வந்து வாய வெச்ச!”

“செத்துப்போறதுக்கு எவளாவது அவளே போயி படுப்பாளா மிசே? நீங்களே சொல்லுங்க.”

மிசே குல்லாவைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“அறிவுமதி, நீ அங்கதான இருந்த? யாரு சொல்றது நெஜம்?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கொலைகாரியின் கண்ணில் கெஞ்சல் இருந்தது. செத்திருக்க வேண்டியவளின் கண்ணில் மிரட்டல் இருந்தது. நூரீனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவள் சொல்வது பொய் என்று நான் சொல்ல வேண்டும். அப்படிக் காப்பாற்றினால் அவள் என்னை மன்னிக்கவே மாட்டாள். என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது, பார்த்தது மட்டும்தான்.

“நூரீன் அக்காதான் மிசே. அவங்களா பூட்டுனாங்க. மெரின் அக்கா உள்ளேர்ந்து தட்டினே இருந்தாங்க.”

“உள்ள படுக்கலாம்னு சொன்னது?”

“நூரீன் அக்கா.”

“நகைப் பூட்டு?”

“நூரீன் அக்கா.”

“பாரிஸ் நேரம்?”

நூரீன் பக்கம் கையைக் காட்டினேன். மெரின் சால்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மெரினுது எது?”

“நான்தான மிசே உள்ள கெடந்தேன்,” என்றாள் மெரின். முதல்முறையாக அவள் குரல் சின்னதாகக் கேட்டது.

மிசே ஜன்னல் பக்கம் திரும்பினார். பாரிசில் மழை பெய்துகொண்டிருந்தது.

“மெரின், போலீஸுக்குப் போறியா?”

“எதுக்கு மிசே? ஒண்ணுமே நடக்கலியே.”

“நல்லது. நம்ம கடையிலேர்ந்து பொணம் வெளிய போலாம், சேதி போவக் கூடாது.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நூரீன், நீ செஞ்சது மகா பாவம். சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுன்னு சொல்லுவேன், உங்க மதத்துல அது இல்ல. ஆனா ஒண்ணு. ஆளு, பெட்டி, பந்தலு, பாட்டு, லைவ்வு எல்லாத்தையும் ஒருத்தியா நின்னு ஏற்பாடு பண்ணி, ஒரு சாவ நேரத்துக்கு நடத்தப் பாத்திருக்க. இந்தத் தொழிலுக்கு வேற என்னா தகுதி வேணும்? இன்னையிலேர்ந்து நீதான் மேனேஜர். மெரின் உனக்குக் கீழ.”

திரை அணைந்தது. நூரீன் மெதுவாக உட்கார்ந்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள், சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

மெரின் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினாள்.

“கங்கிராட்ஸ், மேடம். இருங்க, டீ போட்டு எடுத்தாறேன்.”

மெரின் யாருக்கும் டீ போட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே போய், இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு வந்தாள். ஒரே ஒரு கப். நூரீன் அதைப் பார்த்தாள். மெரினைப் பார்த்தாள். ஒரு விரலால் கப்பை என் பக்கம் தள்ளினாள்.

“நீ குடி அறிவு.”

மேனேஜரின் முதல் உத்தரவு. சந்தேகப்படுவது மெரினுக்குச் செய்யும் அநியாயமாக இருக்கலாம், சந்தேகப்படாதது எனக்கு நானே செய்துகொள்ளும் அநியாயமாக இருக்கலாம். இரண்டையும் யோசித்துக்கொண்டே குடித்துவிட்டேன். நல்ல டீ. நூரீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மடக்கு இறங்கி, நான் கப்பைக் கீழே வைத்து, கொஞ்ச நேரம் உயிரோடும் இருந்தேன்.

“எப்டியிருக்கு?”

“நல்லாத்தான்க்கா இருக்கு.”

நூரீன் நாற்காலியில் சாய்ந்தாள். நேற்றிலிருந்து அவள் தோள் தளர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். “சரி மெரின். எனக்கும் ஒண்ணு எடுத்தா.”

“இதோ, மேடம்.”

ஹீல்ஸ் சத்தம் அவசரமில்லாமல் உள்ளே போனது. அலமாரிக் கதவு திறந்து மூடியது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, முதல் கப்பை மெரின் நூரீனுக்காகப் போடவே இல்லையோ, நான் குடித்துக் காட்டத்தான் போட்டாளோ என்று. ஆதாரம் எதுவும் இல்லை. யோசித்து முடிப்பதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். நூரீன் கப்புக்காகக் கையை நீட்டினாள்.

“அக்கா,” என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.